கூண்டு கழற்றிய விசிறி

அன்புக் குட்டிக்கு,

அம்மா நலம், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் மேனேஜரின் கையை உடைத்துவிட்டதாக உன் மாமா போனில் சொன்னாராமே, உண்மைதான். அவர் அதற்குக் கை கால் முளைக்க வைப்பதற்குள் நடந்ததை நானே எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி ஸ்டாண்ட் ஃபேனையும் போட்டிக் கம்பெனி ஃபேனையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, எது அதிகக் காற்று தருகிறது என்று மொத்தமாக வாங்க வருகிறவரிடம் அளந்து காட்ட வேண்டியிருந்தது. காலையில் ஒத்திகை பார்த்தோம், எங்களுடையது தோற்றது. சூறாவளி என்று நாங்கள் கூப்பிடும் அந்த மேனேஜர் உடனே எங்கள் ஃபேனின் கம்பிக் கூண்டைக் கழற்றச் சொன்னார், கூண்டு இல்லாவிட்டால் காற்றுக்குத் தடை இல்லை, மீட்டர் ஏறும். வீட்டில் யாராவது கூண்டைக் கழற்றிவிட்டு ஃபேன் போடுவார்களா, நான் செய்யமாட்டேன் என்றேன். "உங்க படிப்பை வீட்லயே வச்சிட்டு வாங்கம்மா" என்று என்னைச் சுவரோடு இடித்துத் தள்ளிவிட்டு, ஃபிட்டரை விட்டுக் கழற்றவைத்து, வோல்ட்டேஜையும் தன் கையாலேயே ஏற்றினார். இறக்கை வீறிட்டது, பிறகு வெடித்தது. ஒரு துண்டு கதவில் குத்தி நின்றது, இன்னொன்று ஃபிட்டரின் காதில் பாதியை அறுத்துக்கொண்டு போனது. போட்டிக் கம்பெனி ஃபேன் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்ததால் ரத்தம் என் முகமெல்லாம் தெறித்தது. காதைப் பொத்திக்கொண்டு சரிந்தவனை மேனேஜர் மார்பில் உதைத்து, "ஒழுங்கா முடுக்கத் தெரியாதாடா நாயே" என்று ஓர் இரும்புக் குழாயை எடுத்து முதுகில் விளாசினார். பக்கத்தில் கிடந்த இன்னொரு குழாயை எடுத்து அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். அவர் குழாய் கீழே விழுந்தது, "விட்டுடுங்கம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அதற்கப்புறம் இன்னொரு முறை அடித்தேன் குட்டி. எலும்பு முறிந்தது அதில்தான்.

இப்போது என் மேல் போலீஸில் புகார். காதில் கட்டோடு படுத்திருக்கும் ஃபிட்டர், "இனிமே கண்ணாடி போட்டா ஒரு பக்கமா சாஞ்சிடும்க்கா" என்று சிரித்துவிட்டு, "ஒரே அடின்னு சொல்லுங்க, நாங்களும் அதையே சொல்றோம், என்னைக் காப்பாத்தத்தானே அடிச்சீங்க" என்றான். ஒன்று என்றால் வழக்கே நிற்காது, இரண்டு என்றால் உள்ளே போகவேண்டி வரலாம் என்கிறார் வக்கீல். ஒன்று என்றே சொல்லச் சொல்லி உன் அப்பாவும் கெஞ்சுகிறார். முதல் அடி ஃபிட்டருக்காக. இரண்டாவது அடிக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை, அடிக்கும்போது எனக்கு அது பிடித்திருந்தது. அந்த மேனேஜர் செய்ததை ஒன்று விடாமல் சொல்லப்போகிறேன், என்னுடையதில் பாதியை மறைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? இது உன் கைக்கு வருவதற்குள் இரண்டு அடி என்று போலீஸில் சொல்லியிருப்பேன். போனில் நீ அழுதால் ஒன்று என்று மாற்றிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

உன் அறை ஃபேன் ஆடினால் போடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். போன் செய்தால் அப்பாதான் எடுப்பார், என்னைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டாரா என்று மட்டும் கேள்.

உன் அம்மா