பதினேழாம் ஆள்

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு அம்மா ஆசையாக எழுதுவது. இங்கே எனக்கும் தம்பி முத்துக்கண்ணனுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் சரியில்லை. நீ அங்கே அந்த வேற்று நாட்டில் சளி இருமல் வராமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க நம்ம காளியம்மாள் காப்பாற்றட்டும். போனை வைத்துக்கொண்டு ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, குரலைப் பதிந்து அனுப்பினால் அது எந்த குரூப்பில் போய் நிற்குமோ தெரியாது, அதனால்தான் எழுதி நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன், தம்பிக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

வருகிற சனிக்கிழமை நீ லிஸ்பனில் பேசப்போகிற அரசியல் உளவியல் மாநாட்டின் நிகழ்ச்சி நிரலை அனுப்பினாய் அல்லவா, அதில் உன் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வார்டு மெம்பர் அழகுராஜா மகன் ஜெகதீஷிடம் கொண்டுபோய், இதில் என் மகளைப் பற்றி என்ன போட்டிருக்கிறது, தமிழில் சொல்லு அப்பு என்று கேட்டேன், புத்தி கெட்டவள். அவன் டீக்கடையில் பத்துப் பேருக்கு நடுவில் போனிலேயே தமிழாக்கிச் சத்தமாகப் படித்தான். இன்னாருக்குத்தான் ஓட்டு என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவர்கள், ஓட்டுப் போடும்போது மனதுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று நாற்பது பேரிடம் கேட்டு எழுதிய கட்டுரை என்று வந்தது. எல்லோருக்கும் பெருமைதான், நம்ம ஊர்ப் பிள்ளை என்று சிரித்துக்கொண்டு இருந்தார்கள். அதற்கடுத்துதான், பதினேழாம் ஆள், ஐம்பது வயது ஜீப் டிரைவர், சத்தியத்தை மீறி எதிர் ஆளுக்கு ஓட்டுப் போட்டதாகச் சொன்னார் என்று வந்தது. ஜெகதீஷ் படிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். நான் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

யார் சொன்னது என்று தெரியாதபடி ஆளை மாற்றி எழுதுவதுதான் உங்கள் விதி என்று என்னிடம் கேட்டு எழுதிய அன்றைக்கே சொன்னாய், நானும் தலையாட்டினேன். என்னைக் காப்பாற்றத்தான் நீ பொம்பிளையை ஆம்பிளையாக்கினாய், ஏலக்காய் பறிக்கிறவளை ஜீப் ஓட்டுகிறவனாக்கினாய். மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு அது போதும். நம்ம ஊரில் ஜீப் ஓட்டுகிறவர்கள் இரண்டே பேர், அதில் ஜக்கையனுக்கு ஓட்டு இங்கே இல்லை, மலைமேல் பூப்பாறையில். மிச்சம் இருப்பது உன் சுருளிச் சித்தப்பா ஒருவன்தான், உன்னை அந்த நாற்பது பேர் வீட்டுக்கும் ஏற்றிக்கொண்டு அலைந்தவன். இதை நீயும் யோசிக்கவில்லை நானும் யோசிக்கவில்லை.

இப்போது எட்டு நாளாக அவன் ஜீப்பில் ஒருத்தியும் ஏறுவதில்லை. பறிப்பு தொடங்கிவிட்டது, விடியுமுன்னே மலைக்குப் போக எல்லோரும் ஜக்கையன் ஜீப்பில் ஒருத்தி மடியில் ஒருத்தியாகத் திணித்துக்கொண்டு போகிறார்கள், சித்தப்பா காலி வண்டியை வைத்துக்கொண்டு அரசமரத்தடியில் நிற்கிறான். ஆடிப் பொங்கல் முளைப்பாரிக்கு வீட்டுக்கு வீடு விதை கொடுத்தார்கள், உன் சித்தி தேவி தட்டோடு வாசலில் நிற்க, அவள் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விட்டார்கள். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, திங்கட்கிழமை நானும் தலையைக் குனிந்துகொண்டு ஜக்கையன் ஜீப்பில்தான் ஏறினேன். அன்று சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்கு வந்தான். "மதினி, ஊரு நம்பாட்டாப் போகுது. சூடத்துல கைய வச்சவன் மாத்திக் குத்துவேனா? நீங்களாச்சும் நம்புறீகளா?" என்று கேட்டான். நம்புகிறேன் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பான். ஒரு செம்புத் தண்ணீரை மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

அழகுராஜா அண்ணனை எதிர்த்து நின்ற மொக்கம்மாளுக்கு நான் ஏன் குத்தினேன் என்று உனக்குத் தெரியும். தோட்டத்தில் மரம் விழுந்து உன் அப்பா போனபோது, மலைமேல் ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்து இரண்டு நாள் நின்று உடம்பை வாங்கிக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். அவள் தேர்தலில் நிற்கும்போது என் கை வேறு எங்கே போகும். அழகுராஜா அண்ணன் ஜெயித்தும் அவருக்கு ஆறவில்லை, ஏனென்றால் வீட்டுக்கு ஒருவர் அவருக்கென்று சூடம் அணைத்த நம்ம வார்டில் மொக்கம்மாளுக்கு முப்பத்தெட்டு ஓட்டு விழுந்திருக்கிறது, அவள் வீட்டில் இருப்பதோ நாலு ஓட்டு. மிச்சப் பேர் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை பார்த்தாயா. மாற்றிக் குத்தியவர்கள்தான் முதல் ஆளாகச் சித்தப்பாவைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, நானே அப்படித்தானே செய்தேன். உன் படிப்பில் இதற்கு ஒரு பெயர் இருக்கும், எனக்கு அது வேண்டாம்.

வெள்ளிக்கிழமை முளைப்பாரி எடுக்குமுன் ஊர் கூடும்போது நான் எழுந்து சொல்லப்போகிறேன். என் வீட்டுக்கும் இனிமேல் விதை வராது, ஜீப்பில் இடம் கிடைக்காது, தம்பி கல்யாணப் பேச்சு நின்றாலும் நிற்கும், எல்லாம் யோசித்துவிட்டேன். என்னைத் தடுக்காதே. எப்போது வேண்டுமானாலும் பேச்சை மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தச் சம்மதத் தாளை வாசித்துக் காட்டித்தானே கையெழுத்து வாங்கினாய், அந்தப் பேச்சை நம்பிக் கேட்கிறேன். சனிக்கிழமை மேடையில் ஜீப் டிரைவர் என்று படிக்காதே, ஏலக்காய் பறிக்கிற பொம்பிளை, என்னைப் பெற்றவள் என்று படி. அது உன் வேலைக்கு ஆகாது என்றால் உன் படிப்பில் உனக்கு மேலே இருக்கிற பெரியவர்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

ஏசி ஹாலில் குளிரும், கம்பளிச் சட்டையை மறக்காமல் எடுத்துப் போ, வெறும் வயிற்றோடு பேச ஏறாதே. உன் பேச்சு நல்லபடி நடந்து நீ நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும் ஆத்தா. பேசி முடித்ததும் முதல் போன் சித்தப்பாவுக்குப் போடு. எனக்கு அப்புறம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வேலுத்தாய்