அறைக்கு வந்த சண்டை

என் வீட்டுக்காரருக்குப் பணிவான வணக்கம். ஆண்டவன் அருளால் நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

பயப்படாமல் படியுங்கள், நல்ல சேதிதான். எங்கள் விடுதி அறையில் தங்கியிருக்கும், கம்பெனியில் துணிக்கு இஸ்திரி போடும் பெண் ஒருத்தி, போன மாதம், "நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்று அழுதாள். உடனே டாக்டரிடம் கூட்டிப்போனோம். "மாத்திரை நான் தர்றேன். பேச்சுத்துணைக்கு நீங்கதாம்மா இருக்கணும்" என்றார். எப்படி இருப்பது? அவள் அறையில் இருக்கும்போது அறையின் மற்ற நாங்கள் மூவரும் தையல் மிஷினில் இருப்போம். நாங்கள் திரும்பும்போது அவள் இரவு வேலைக்குப் போய்விடுவாள்.

மூவரும் கம்பெனி மேலாளர் முன்னால் போய் நின்றோம்.

"ஒருத்திக்காக ஷிப்ட்டை மாத்தினா வேலை கெட்டுடும்மா."

"ஆளே போயிட்டா வேலையை யார் சார் பார்ப்பா?"

கேட்டது நான்தான், சிரிக்காதீர்கள்! அவளை எங்கள் ஷிப்ட்டுக்கே மாற்றிவிட்டார். இப்போது மற்ற அறைக்காரிகளும் தங்களுக்கும் ஒரே ஷிப்ட் வேண்டும் என்று போய்க் கேட்கிறார்கள்.

நேற்றுக் காலை நான் பிரார்த்தனையில் இருந்தபோது, "சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்கும்க்கா, மெதுவாக் கும்பிடுங்க, தூக்கம் வருது!" என்று அவள் சண்டைக்கு வந்து தலையணையை வீசினாள். அறையே சிரித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மளிகைக் கணக்கை அன்றன்றே எழுதுங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், தலையணைக்கு உறையாகப் போட்டுக்கொள்கிறேன். துவைக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டது. அவள்தான் வாசலில் நின்று கத்துகிறாள்: "அண்ணனைக் கொஞ்சினது போதும், கிளம்புங்கக்கா!"

கிளம்புகிறோம்.