ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

ஜூலை 1, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. வட்டவளைச் சந்தியில் பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். சப்பாத்துக்குள் இரத்தம் குடித்து உப்பிய ஓர் அட்டை. ஹட்டனில் நான் வேலை செய்யும் பாமசிக்குள் நுழைந்து காலைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நேற்று அம்மாவின் கிளினிக். பிரஷர் 178/104. கால் வீக்கம் அப்படியே. டாக்டர் மருந்தின் அளவை மறுபடி ஏற்றிவிட்டார். நீர் பிரிய வைக்கும் ஃபுரோசமைட் மாத்திரை, காலையில் ஒன்று. பிறகு ஒன்றரை. இனி இரண்டு. ஏற்ற ஏற்ற ஒரு புள்ளியும் இறங்கவில்லை. பெரியம்மாவுக்கு இதே பிரஷரில் ஒரு பக்கம் விழுந்தபோது வயது நாற்பத்தொன்பது. அம்மாவுக்கு நாற்பத்தெட்டு.

குளிசைகளைக் கையில் கொட்டிப் பார்த்தேன். வெள்ளை. இரண்டு விளிம்பு உடைந்தவை. காக்கி உறையில் சிங்களத்தில் ‘காலை 2’ மட்டும். கம்பனி இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, காலாவதித் திகதி இல்லை. பெரிய போத்தலிலிருந்து கொட்டிக் கொடுப்பது. எங்கள் பாமசியில் பதிவு இலக்கம் இல்லாத ஒரு ஸ்ட்ரிப்பை அலுமாரியில் வைக்க விடமாட்டார்கள். இங்கே பெயரே இல்லாத ஒன்றை அம்மா மாதக்கணக்கில் விழுங்குகிறாள்.

உள்ளே மருந்து இருக்கிறதா, சுண்ணாம்பா?

ஜூலை 2, புதன்

மழை. கறண்ட் இல்லை, மெழுகுதிரியில் படிப்பு. மருந்தாளர் பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம். மருந்து உடலை என்ன செய்கிறது, உடல் மருந்தை என்ன செய்கிறது: முழுப் பாடமும் இந்த இரண்டுக்குள்தான் என்று போன வருடம் அடிக்கோடிட்டிருக்கிறேன். ஃபுரோசமைட்: வாயால் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் தொடக்கம், ஆறு மணி நேரம் வரை வேலை.

கிளினிக் குளிசை ஒன்றை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் கரைந்து கலங்கல். கரைவது வேறு, உள்ளே சொன்ன அளவு இருப்பது வேறு. சுண்ணாம்பும் கலங்கும்.

ஜூலை 3, வியாழன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டர். தொகுதி இலக்கம் கேட்டேன். உள்ளே இருந்தவர் சிங்களத்தில், இலக்கத்தையா விழுங்கப் போகிறாய் என்றார். பின்னால் நின்றவர்கள் சிரிப்பு. நான் நகரவில்லை. கடைசியில் போத்தலைத் திருப்பிக் காட்டினார். குறித்துக்கொண்டேன். ஏன் அவ்வளவு நேரம் காட்டவில்லை?

மாலை. எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குப் பொதுவான பீலியடியில் தண்ணீர்க் குடத்தோடு நாலைந்து பேர், அம்மாவின் கூட்டாளி பாக்கியம் அத்தையும். “எனக்கு அது ஞாயித்துக்கிழம குளிசடி” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு சீயக்காய் விலைக்குப் போய்விட்டது.

என்ன குளிசை? யார் கொடுப்பது? யாரோ லயத்துக்குள் கொண்டுவந்து விற்கிறார்களா?

ஜூலை 4, வெள்ளி

டாக்டர் அளவு எழுதும் அம்மாவின் கிளினிக் கொப்பியைக் காட்டி எங்கள் பாமசியிலேயே ஒரு ஸ்ட்ரிப் வாங்கினேன். அதே மருந்து, அதே 40 மில்லிகிராம். பதிவு இலக்கம் தெளிவாக இருக்கிறது. பிரஷர் மெஷினும் இரவல்.

திட்டம்:
– காக்கி உறை என் பெட்டியில், பூட்டு.
– காலை ஐந்தரைக்கு என் கண் முன்னால் இரண்டு.
– மாலை ஆறுக்கு அளவு.

அம்மாவிடம் மருந்து மாறியது என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 5, சனி

காலையில் அம்மா பிளேன்டிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, வச்சிட்டுப் போ, அப்புறம் போடுறேன் என்றாள். நான் அசையவில்லை. விழுங்கினாள். பிளேன்டியைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள்.

மாலை 142/88. இரண்டு தரம் பார்த்தேன். ஒரே நாளில்.

அப்போ அது சுண்ணாம்புதான்.

அம்மா முகம் கொடுக்கவில்லை. சேலை இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. மழை என்றாள். பத்து மணிக்குப் பிறகு இன்று மழையே இல்லை.

திலினி அக்காவிடம் போனில் சொன்னேன். பாமசியில் லைசன்ஸ் அவள் பெயரில்தான், என்னைவிட நாலு வயது கூட, சிங்களத்தில் தங்கை என்று ‘நங்கி’ என்றே கூப்பிடுவாள். எண்களை மறுபடி சொல்லச் சொன்னாள். பிறகு:

“நங்கி, பழைய குளிசை அம்மா குடிச்சத நீ பாத்ததா?”

என் அம்மாவைச் சந்தேகிக்கிறாள். ஆஸ்பத்திரி கவுன்டரில் அவளுடைய தோழி ஒருத்தி இருப்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மருந்துத் தர முறைப்பாட்டுப் படிவம் நிரப்பியாயிற்று. மருந்தின் பெயர், தொகுதி, எங்கே பெற்றது. குறை: ‘பலன் இல்லை’. எட்டுக் குளிசை பொலித்தீன் உறையில் மாதிரியாக.

ஜூலை 6, ஞாயிறு

வெயில், ஆச்சரியம். துணி துவைப்பு. அம்மா கேட்காமலே இரண்டையும் விழுங்கினாள், மேலே ஒரு செம்புத் தண்ணீரும். நேற்று அந்த முரண்டு, இன்று இப்படி. ஏன்?

138/84.

ஜூலை 7, திங்கள்

கடை திறக்க முன்னர் தபாலகம். படிவமும் மாதிரியும் பதிவுத் தபாலில் கொழும்புக்கு. மனம் லேசாக இருந்தது. அதை எழுதி வைக்கத்தான் வேண்டும்.

பத்தரைக்குப் போன். அம்மா மலையில் விழுந்துவிட்டாள்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நான் வந்து சேர்ந்தபோது ஒரு மணி. கொழுந்து லொறியில் கொண்டுவந்திருக்கிறார்கள். 86/54. சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்து வெள்ளை. நெற்றியில் கல் கிழித்த காயம். வெளியே பாக்கியம் அத்தை, செடி கிழிக்காமல் கட்டும் சாக்குப் படங்கு இடுப்பிலேயே, கொழுந்துக் கூடை காலடியில்.

“நீயா பாப்பா குடுத்த, வேல நாள்ல?”

டாக்டர் காலையில் போடத்தானே எழுதியிருக்கிறார் என்றேன்.

“எழுதுவாரு. மலையில எங்க போயி உக்கார்றது? மேல நெரையில ஆளு, கீழ நெரையில ஆளு, ரோட்டுல வேல வாங்குற கண்டாக்கு. சீலையத் தூக்குனா அட்ட. அந்தக் குளிசையப் போட்டா மணிக்கு ரெண்டு வாட்டி முட்டும். நாங்க யாருமே மல ஏறுற நாள்ல அதப் போடுறதில்ல. ஞாயித்துக்கிழம மட்டுந்தான். ஒங்கம்மாவும் அப்பிடித்தான்.”

கிளினிக் நாளிலும் போடுவதில்லையாம். பஸ்ஸில் ஒன்றரை மணி, வரிசையில் மூன்று மணி.

இன்று இரண்டு குளிசையும் உள்ளே போக, அடக்குவதற்காக அம்மா விடிந்ததிலிருந்து ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அப்படியும் ஒரு தரம் ஓரமாகப் போயிருக்கிறாள். எவனோ கூவிச் சிரித்திருக்கிறான். எழுந்து ஓடி வந்து கூடையை மாட்டியவள் அப்படியே சரிந்திருக்கிறாள். சனிக்கிழமை சேலை நனைந்ததும் மழையில் இல்லை.

தொடக்கம் ஒரு மணி நேரத்துக்குள். ஆறு மணி நேரம் வரை. ஐந்தரை, பதினொன்றரை. எத்தனை தரம் படித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

அம்மா வீட்டில். கஞ்சி, கொஞ்சம் உப்புக் கூட. 118/76. குளிசை இல்லை. நான் லீவு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

“அந்தத் தம்பி டாக்டருகிட்ட, சிங்களத்துல, இத எப்பிடிச் சொல்றது? குளிச போடுறியான்னு கேப்பாரு. ஆமான்னுருவேன். பொய்யா? ஞாயித்துக்கிழம போடுறேன்ல.”

என்னிடமாவது?

“நீ எங்கடி என்னையக் கேட்ட? குளிசையத்தான பெரட்டிப் பெரட்டிப் பாத்த.”

பெட்டியைத் திறந்து காக்கி உறையை அம்மாவின் தலைமாட்டில் வைத்தேன். சந்தேகப்பட எத்தனை பேர் கிடைத்தார்கள் எனக்கு: கம்பனி, கவுன்டர்க்காரர், லயத்துக்குள் ஒரு கள்ள வியாபாரி, திலினி அக்கா. அவளுக்குப் போன் எடுத்தேன். திட்டவில்லை. ஒரே நேரத்தில் ரெண்டு விஷயம் மாத்தின, குளிசையையும் மாத்தின, முன்னால நின்னும் பாத்த, எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும் என்றாள். முறைப்பாட்டை உடனே திரும்பப் பெறச் சொன்னாள். அந்தத் தொகுதியை நிறுத்தி வைத்தால், இருதயம் பலவீனமாகி நெஞ்சில் நீர் கட்டியவர்கள் என்ன ஆவார்கள், அதே போத்தலை நம்பித்தான் மூச்சு விடுகிறார்கள் என்றாள்.

கடிதம் எழுதினேன். காரணம்: ‘நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை.’ வெட்டினேன். ‘மருந்தில் குறை இல்லை. கொழுந்து மலையில் கழிப்பறை இல்லை.’ இதை யார் வாசிப்பார்கள், எந்தக் கோப்பில் போடுவார்கள், தெரியாது. கொழும்புக்குப் போனிலும் சொல்லிவிட்டேன். பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

ஜூலை 9, புதன்

தூறல். அம்மாவோடு கிளினிக். நானும் உள்ளே போனேன், நானே சொன்னேன், சிங்களத்தில், மலை, அட்டை, கண்டாக்கு எல்லாம். டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். கொப்பியில் பழைய பக்கங்களைத் திருப்பி, இந்த அளவெல்லாம் நான் எதற்கு ஏற்றினேன் என்று தனக்குத்தானே சொன்னார். புதிதாக எழுதியது: ஒன்று மட்டும், மாலை நாலு மணி, கொழுந்தை எடை போட்டு வீட்டுக்கு வந்த பிறகு. இரண்டு வாரத்தில் மறுபடி காட்ட வேண்டும்.

திரும்பும்போது மூன்றரை. செய்தி எங்களுக்கு முன்னால் லயத்துக்கு வந்துவிட்டது. யார் சொன்னதோ. டாக்டர் நாலு மணிக்குப் போடச் சொல்லிட்டாராம். மழையில் இன்று வேலை சீக்கிரம் விட்டிருந்தது. பாக்கியம் அத்தை தன் வீட்டு வாசலில், கையில் காக்கி உறை, உள்ளங்கையில் குளிசை எடுத்தாகிவிட்டது. மூன்று.

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று. ஒன்றுகூட வேலை நாளில் விழுங்காமல் ஏறிய மூன்று.

போடாதீங்க அத்தை என்று கையைப் பிடித்துவிட்டேன். பிறகு வீடு வீடாகப் போய் எல்லோரையும் அத்தை வீட்டு வாசலுக்குக் கூட்டிவந்தேன். ஒன்பது பேரிடம் அந்தக் குளிசை இருக்கிறது. இரண்டு, இரண்டு, ஒன்றரை, மூன்று. எல்லோரும் செம்போடு நாலு மணிக்குக் காத்திருந்தார்கள். டாக்டர் அளவைக் குறைத்துத் தரும்வரை யாரும் புதிதாக ஆரம்பிக்கக் கூடாது என்றேன். நாளைக்கே எல்லாக் கொப்பியோடும் போகலாம், நானும் வருகிறேன் என்றேன்.

பாக்கியம் அத்தை குளிசைகளை உறைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

“அப்போ நேத்து வரைக்கும் நாங்க செஞ்சதுதான் சரியா பாப்பா?”

ஆம் என்றால் பெரியம்மாவைப் போல ஒரு பக்கம் விழும்; இல்லை என்றால் நாளைக்கே அம்மாவைப் போல மலையில் விழுவார்கள். ஒன்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.