விழாத குண்டூசியைத் தேடியவள்

இன்று மதியம் பட்டுப் பிரிவுக்கு வந்த ஒரு அம்மா மூக்குக் கண்ணாடியை எடுக்கக் கைப்பையைத் திறந்தார். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயின் வாசனை குப்பென்று வந்தது. அரக்கு நிறப் புடவையைப் பாதி பிரித்த என் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னம்மா, பார்டர்ல கறையா?" என்று கேட்டார். "இல்லேம்மா, நல்ல புடவை" என்று சமாளித்தேன். அது உன் வாசனை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மூன்றாம் மாடிச் சாப்பாட்டு அறையில், டிபன் பாக்ஸ்களுக்கு நடுவே காலை நீட்டிப்போட்டு, நீ அந்த எண்ணெயைத்தான் கெண்டைக்காலில் தேய்ப்பாய். தயிர் சாதமெல்லாம் கற்பூரம் மணக்கிறதே என்று எல்லோரும் கத்துவார்கள். "பிரசாதம்னு நெனச்சுத் துன்னுங்கடி" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் தேய்ப்பாய்.

நான் நாற்பத்திரண்டு வயதில் வேலைக்கு வந்தவள். என் கணவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். மயிலாப்பூரில் வாடகை வீடு. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை புடவைதான். எது அசல் பட்டு, எது அப்படி நடிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்வேன். தி.நகரில் இந்தக் கடையில் கேட்டதும் எடுத்துக்கொண்டார்கள். நாள் முழுக்கப் புடவைக்கு நடுவில் நிற்கலாம் என்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம். அதில் 'நிற்கலாம்' என்பது எத்தனை பெரிய சொல் என்று முதல் நாள் நாலு மணிக்குத் தெரிந்தது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலிகள். இந்தப் பக்கம் பளபளவென்று டைல்ஸ் தரை, அவ்வளவுதான். உள்ளங்கால் எரிந்து, இடுப்பு தனியாகக் கழன்றுவிடும்போல் இருந்தது. அப்போதுதான் பக்கத்துக் கவுண்டரிலிருந்து நீ மெல்லச் சொன்னாய். "மாமி, பின்னு வுழுந்துச்சு பாரு."

உன்னைவிட நான் ஒரு வயது சின்னவள். ஆனால் என் மடிசார்க் குடும்பத்துப் பேச்சைக் கேட்ட நிமிஷத்திலிருந்து உனக்கு நான் மாமிதான்.

குனிந்து பார்த்தேன். "எங்கே? காணலையே."

"காணாது. வுழுந்தாத்தானே காணும்? கீழ குந்தித் தேடு. நான் சொல்ற வரிக்கும் தேடு."

கவுண்டருக்கு அடியில் குந்தினேன். கால்களுக்குள் ரத்தம் ஓடுவது காதில் கேட்டது. சொர்க்கம் என்றால் அதுதான். மேலே நீ என் வாடிக்கையாளருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாய்.

அதுதான் நம் மாடியின் ரகசியம். புடவையில் குத்தும் குண்டூசி கீழே விழுந்தால் வாடிக்கையாளர் காலில் ஏறிவிடும், உடனே தேட வேண்டும் என்பது கடை விதி. அந்த விதியை வைத்தே நீ எங்களுக்கு இருக்கை செய்து கொடுத்தாய். ஒருத்தி தேடினால் அடுத்தவள் சமாளிக்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் தேடக்கூடாது. சூப்பர்வைசர் பாவம், நல்ல மனுஷர். "இந்த மாடியில மட்டும் ஏம்மா இவ்ளோ பின்னு விழுது?" என்று கவலைப்பட்டு, ஒரு நாள் கம்பின் நுனியில் கட்டிய காந்தத்தோடு வந்துவிட்டார். நின்றபடியே தேடலாமாம். எங்கள் முகமெல்லாம் செத்துப்போனது. நீ மட்டும் காந்தத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ரொம்ப நல்லதுண்ணே, ஆனா இது மேசை அடியில போவலையே, குந்தித்தான் வுடணும்" என்றாய். அந்தக் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் ஆனந்தமாக உட்கார்ந்திருக்கிறோம்!

உன் அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். தரையில் குந்தியே அவருடைய இரண்டு முட்டியும் போய்விட்டன என்று சொல்லியிருக்கிறாய். அந்தக் கஷ்டம் வேண்டாம் என்றுதான் நீ துணிக்கடைக்கு வந்தாய். "எங்கம்மா குந்திகினே முட்டி போச்சு. நான் நின்னுகினே காலு போச்சு. இதுக்கு நடுவுல ஒண்ணு இல்லாமலா மாதா நம்மளைப் படைச்சிருப்பா?" என்பாய். நாங்கள் சிரிப்போம். நீயும் சிரிப்பாய், ஆனால் அதை நீ நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஏழாவது வருஷம் என் இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சைப் பச்சையாகப் புடைத்தது. சாயங்காலமானால் கால் வீங்கிச் செருப்பு நுழையாது. டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: நிற்கிற வேலையை விட வேண்டும். புடவை விற்பது நிற்கிற வேலை. எனக்கு வேறு வேலை தெரியாது. இரண்டு நாள் அழுதேன். பிறகு ராஜினாமா எழுதி எடுத்து வந்து முதலில் உன்னிடம்தான் காட்டினேன்.

நீ படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாய். "எழுத்து முத்து முத்தா கீது. பத்து நாள் கயிச்சுக் குடு."

"பத்து நாள்ல கால் சரியாயிடுமாடி?"

"காலு ஆவாது. ஸ்டூலு வருதாம்."

நிஜமாகவே வந்தது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்து, கவுண்டருக்கு ஒன்றாக இரும்பு ஸ்டூல்களை இறக்கினார்கள். என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஆனால் அன்றைக்கு ஒருத்திகூட உட்காரவில்லை. வாடிக்கையாளர் வந்தால் என்ன நினைப்பார், மேனேஜர் என்ன நினைப்பார் என்று பயம். ஸ்டூல்கள் மேல் டிபன் பைகளை வைத்தோம். எனக்கும் கூச்சம்தான். "பெரியவா நிக்கறச்சே உக்காரப்படாதுன்னு எங்காத்துல சொல்லிச் சொல்லி வளர்த்துட்டா" என்றேன். "உங்க ஆத்துல யாரும் பட்டு விக்கல" என்றாய் நீ.

கடைசியில் நீதான் பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாய். உட்கார்ந்ததும் காணாமல் போனாய். ஸ்டூல் அவ்வளவு குட்டை. கவுண்டருக்கு மேல் உன் நெற்றியும் பூவும் மட்டும் தெரிந்தன. வந்த வாடிக்கையாளர் "ஆளே இல்ல" என்று அடுத்த கடைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் பார்த்துவிட்டு மேனேஜர், யாருக்கும் உபயோகமில்லாத ஸ்டூல்களை மாதக் கடைசியில் கிடங்குக்கு அனுப்பிவிடலாம் என்றார். ஸ்டூல் போனால் நானும் போக வேண்டியதுதான்.

அன்று மத்தியானம் நீ புடவை மடிப்புக்குள் வைக்கும் வழவழ அட்டைகளை அள்ளிவந்து ஸ்டூல் மேல் அடுக்க ஆரம்பித்தாய். உட்கார்ந்து பார்ப்பாய், எழுந்து இன்னும் நாலு வைப்பாய். முழங்கை கவுண்டரில் சும்மா படிய வேண்டும், தோள் மேலே ஏறக்கூடாது, முதுகு கூன் போடக்கூடாது. கால் தொங்கியது. உடனே அடித்தட்டு பிளவுஸ் பிட் டிராயரை வெளியே இழுத்து அதன் மேல் காலை வைத்தாய். "மாமி! நடுவுல ஒண்ணு கெடச்சிட்சு!" என்று நீ கத்தியது பில் போடும் இடம்வரை கேட்டது.

உடனே என்னைப் பிடித்து அதன் மேல் ஏற்றினாய். என் முட்டி இரண்டும் கவுண்டரில் இடித்தன. உன் உயரத்துக்கு அடுக்கியது நெட்டைக் கொக்கான எனக்கு எப்படிப் பொருந்தும்? நீ ஒரு கணம் முழித்தாய். பிறகு அட்டைகளை எண்ணத் தொடங்கினாய். உனக்கு நாற்பது, எனக்கு இருபத்தாறு. மறுநாளுக்குள் மாடியில் இருந்த ஒன்பது பேருக்கும் அளவு எடுத்து, சாக்பீஸால் அவரவர் ஸ்டூலில் எண்ணை எழுதிவிட்டாய்.

எல்லாம் சரியாகச் செய்தவள், வழுக்குகிற அட்டைகளைக் கட்டி வைக்க மட்டும் மறந்துவிட்டாய். கல்யாணப் பெண்ணோடு ஒரு குடும்பமே உன் முன்னால் உட்கார்ந்திருந்தது. நீ நாற்பது அட்டை மேல் மகாராணி மாதிரி அமர்ந்து, மாம்பழ நிறப் பட்டின் முந்தியை ஒரு வீசு வீசினாய். அடுத்த நொடி நீ இல்லை. சடசடவென்று சத்தம், அட்டைகள் மாடி முழுக்கப் பறந்தன. மேனேஜர் ஓடி வந்தார். என் வேலையும் இத்தோடு போச்சு என்றுதான் நினைத்தேன்.

கீழேயிருந்து உன் குரல் வந்தது. "ஒண்ணும் இல்லீங்க, பின்னு தேடறேன்."

கல்யாணப் பெண் முதலில் சிரித்தாள். பிறகு குடும்பமே சிரித்தது. பெண்ணின் அப்பா மேனேஜரைப் பார்த்து, "என்ன சார், நாங்க குஷன்ல உக்காந்து பாக்கறோம், அவங்களுக்கு உக்கார அட்டைதான் குடுத்தீங்களா?" என்று கேட்டார். நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "பலகையா போட்டா வழுக்காது சார். அளவு எல்லாம் எய்தி வச்சிகீறேன்" என்றாய். அப்போதும் அந்த மாம்பழப் பட்டைத் தரையில் படவிடாமல் ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தாய். அதையே எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த வாரமே தச்சர் வந்து ஒவ்வொரு ஸ்டூலுக்கும் அதற்கேற்ற உயரத்தில் மரப்பீடம் அடித்துக் கொடுத்தார். என் ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் அவருக்கு அளவுகளை எழுதிக் கொடுத்தாய். யாரைக் கேட்டு அதை எடுத்தாய் என்று நான் கேட்கவும் இல்லை. சாயங்காலம் என் செருப்பு மறுபடியும் காலில் நுழைய ஒரு மாதம் ஆயிற்று. நுழைந்த அன்று உனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

போன ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், உனக்கு மாரடைப்பு, போய்விட்டாய் என்று போன் வந்தது. பட்டினப்பாக்கத்துக்கு வந்து உன் முகத்தைப் பார்த்தேன். அழுது தீரவில்லை. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தரையில் குந்தாமல் மீன் விற்க நீ அவருக்குச் செய்து கொடுத்த உயர மணையையும் மீன் பலகையையும் காட்டி, "உசரத்துல வச்சா மீனுக்கு இன்னா கெத்து பாருன்னு சொல்லிகினே இருப்பா" என்று சொன்னார். அழுதுகொண்டிருந்த நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அதற்கு நீதான் பொறுப்பு.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பீடம் வந்த பிறகும், மேனேஜர் மாடி ஏறி வந்தால் நான் பதறி எழுந்துவிடுவேன். நீ ஒவ்வொரு தடவையும் என் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பாய். "சட்டமே குந்துன்னு சொல்லுது, உனக்கு இன்னா அவசரம்?" நீ போன பிறகு இழுக்க ஆளில்லை. கொஞ்ச நாள் மறுபடியும் எழுந்துகொண்டுதான் இருந்தேன்.

வெளியே நல்ல மழை, கூட்டம் இல்லை. டிராயரை இழுத்துக் கால் வைத்து, முழங்கையைக் கவுண்டரில் படியவிட்டு, பட்டுப் பிரிவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மேனேஜர் படியேறி இந்தப் பக்கமாகத்தான் வருகிறார். வரட்டுமே. நான் எழுந்திருக்கப் போவதில்லை.