உன் பெயரில் ஒரு மேசை

கூப்பிட்ட குரலுக்கு முதல் ஆளாக வந்து நிற்கும் சரசு அக்காவுக்கு,

உன்னைக் கூப்பிடலாமா, கூடாதா? அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். தைப்பூசம் முடிந்து காவடி பார்த்த அசதிகூடத் தீராத அந்த வாரத்தில் உன் இருதயம் நின்றுபோனது. வருடம் நெருங்கிவிட்டது. திதிக்குக் கோயில் ஐயரிடம் நாள் கேட்டுவிட்டு வந்து இப்போதுதான் அடுப்படியில் உட்கார்ந்தேன். வருகிற சனிக்கிழமை நாங்கள் மூவரும் கோலாலம்பூருக்குச் சாப்பிடப் போகிறோம். அங்கே வாசலில் நிற்கும் பெண் உன் பெயரைத்தான் கூப்பிடப் போகிறாள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை வெளியே சாப்பிடுவது நீ ஆரம்பித்து வைத்த வழக்கம். நீ, நான், மேரி, தேவி. ஒரே தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்து, இன்று கோலா சிலாங்கூரில் ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் இருப்பவர்கள். மேரி காடி ஓட்டுவாள். தேவி புதுப்புது உணவகங்களைக் கைப்பேசியில் தேடிப் பிடிப்பாள். பணப்பையும் கணக்கும் என்னிடம். மேசை பதிவு மட்டும் உன் பெயரில்தான் நடக்க வேண்டும். உன் பெயர், உன் எண். அதில் நீ யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

வாசலில் ஒரு பெண் பட்டியலைப் பார்த்து, "மிஸ் சரஸ்வதி, நாலு பேர்?" என்று சிரித்த முகமாகக் கேட்பாள். நீ உடனே பதில் சொல்ல மாட்டாய். கேட்காதவள் போல நிற்பாய், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் நம்மை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அங்கே வேலை வாங்கும் மண்டோருக்கு நீ கடைசிவரை வெறும் "ஏய் சரசு"தான். "முழுப் பேரையும் சொல்லி, மிஸ்ஸுன்னு வேற சொல்றாடி. சாப்பாடே வேணாம், இப்படியே வீட்டுக்குப் போலாம்" என்று நீ காதோடு சொன்னதில் மேரிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

பார் வைத்திருக்கும் இடத்துக்கு என்னை முதலில் கூட்டிப்போனவளும் நீதான். மாடி ஏறிப் போனால் சுவர் முழுக்கப் புட்டிகள். பின்னால் விளக்கு போட்டு, சன்னதி அலங்காரம் மாதிரி வைத்திருந்தார்கள். நான் நெற்றித் திருநீற்றைத் தடவிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "முருகன் இங்கெல்லாம் வர மாட்டாராடி? வா, அவருக்கும் சேத்து ஒரு நாற்காலி போடச் சொல்றேன்." தேவிக்கு வைன், மேரிக்கு பீர். உனக்கு உப்புப் பிளம் ஊறிய அசாம் பூய் ஜூஸ்தான், ஆனால் அதை வைன் கிளாசில் ஊற்றித் தரச் சொல்லுவாய். பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்க வேண்டும் என்று காம்பைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன வாயாகக் குடிப்பாய்.

யார் என்ன ஆர்டர் செய்வதற்கும் முன்னால் நீ வெயிட்டரை நிறுத்தி வைத்து எனக்காகச் சொல்லுவாய். கீரையில்கூட பெலாச்சான் என்கிற இறால் விழுதைப் போட்டுத் தாளிக்கிற ஊர் இது. "ஒருத்தர் சைவம். பெலாச்சான் கூடாது. வேற சட்டி." மலாயில் சொன்னாலும், உனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாலும் இதே வரிசைதான். சனிக்கிழமை காலையில், வருவது உறுதியா என்று கேட்டு உணவகத்திலிருந்து போன் வந்தாலும் இதையே ஒப்பிப்பாய். உன் கணவர், எங்கள் மாமா, அந்த நேரம் பார்த்து டிவி சத்தத்தைக் கூட்டுவார். வீட்டில் கஞ்சி இருக்கும்போது இருட்டில் உட்கார்ந்து தின்றால்தான் ருசிக்குமோ என்று அவர் கேட்காத மாதம் உண்டா?

நீ போவதற்கு முன் கடைசியாக ஒரு மேசை பதிந்து வைத்திருந்தாய். கருமாதி முடிந்து அந்தச் சனிக்கிழமை வந்தது. அக்கா போட்ட மேசை, போகாவிட்டால் திட்டுவாள் என்றாள் தேவி. அழுதுகொண்டேதான் கிளம்பினோம். வாசலில் இருந்த பெண் பட்டியலில் விரலை ஓட்டிவிட்டு முகத்தைச் சுருக்கினாள். சரஸ்வதி என்பவருக்குக் காலையில் இரண்டு முறை போன் செய்தோம், யாரும் எடுக்கவில்லை, மேசையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டோம் என்றாள்.

மூன்று பேர் நின்றோம். நீ ஏன் எடுக்கவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. மேரி என்னமோ தப்பு செய்தவள் மாதிரி சாரி சொன்னாள். திரும்பி வரும் வழியில் ரோட்டோரக் கடையில் தோசை கட்டிக்கொண்டோம். நான் வீட்டில் பிரிக்கவே இல்லை.

மறுநாள் மாமாவைப் பார்க்கப் போனபோது மேரி நடந்ததைச் சொன்னாள். அவர் டிவியைப் பார்த்தபடியே இருந்தார். உன் கைப்பேசியை உன் புடவைகளோடு அலமாரியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

அடுத்த மாதம் தேவி புது இடம் ஒன்று பார்த்தாள். அவள் கைப்பேசியில் பதிவு செய்யப் போனால் உன் பெயரும் எண்ணும் தானாகவே வந்து விழுகின்றன. நீதானே அவளுக்கு அப்படிப் போட்டுக் கொடுத்தாய். மாற்றக் கை வரவில்லை, மேசை போனால் போகட்டும் என்று அப்படியே விட்டுவிட்டாள். நாங்களும் காத்துக் கிடக்கலாம் என்ற நினைப்போடுதான் போனோம்.

வாசல் பெண் சிரித்தாள். மிஸ் சரஸ்வதி, நாலு பேர், காலையில் போனில் உறுதி செய்துவிட்டீர்கள் என்றாள். சன்னலோரம் நாலு தட்டு வைத்த மேசை. உட்கார்ந்ததும் வெயிட்டர் என் திருநீற்றைப் பார்த்துக் குனிந்து, சைவம் உங்களுக்குத்தானே, பெலாச்சான் இல்லாமல் வேறு சட்டியில் செய்யச் சொல்லியிருக்கிறோம் என்றான்.

அக்கா, அந்த இடத்துக்கு நாம் அதற்கு முன் போனதே இல்லை. தேவியைப் பார்த்தேன். அவள், நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினாள். மேரி மேசைக்கடியில் சிலுவை போட்டுக்கொண்டாள். சாப்பாடு வந்தது. தனிச் சட்டியில் செய்த சாப்பாடு, ஒரு வாசனைகூட ஒட்டாமல். ஒரு பிடி எடுத்து நாலாவது தட்டில் வைத்தேன். வெயிட்டர் வந்து எடுத்துப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மாதாமாதம் அப்படித்தான். கிள்ளானில் ஒரு கடை, ஷா ஆலாமில் ஒன்று, கோலாலம்பூரில் பாட்டுப் பாடும் பார் ஒன்று. எங்கே போனாலும் உனக்கு முன்பதிவு உறுதி, எனக்கு வேறு சட்டி. யாரிடம் பேசினீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மூவரில் ஒருத்திகூட உன் எண்ணை அழுத்திப் பார்க்கவில்லை. யாராவது எடுத்துவிட்டால்?

வீட்டில் விளக்கேற்றும்போதுகூட எனக்கு அந்த நினைப்புதான். சஷ்டி விரதத்தில் உட்கார்ந்திருக்கிறேன், மனம் முருகனிடம் நிற்காமல் எங்கோ ஒரு உணவகத்து வாசலில் போய் நிற்கிறது. கடைசியில் ஐயரிடம் கேட்டேன். அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அந்த ஆத்மா எப்படிமா போகும்? வாசல்லயே நிக்கும்."

நான் ஆடிப்போனேன். பதிவில் பெயரை மாற்றிவிடலாம் என்று அன்றே மற்ற இருவரிடமும் சொன்னேன். தேவிக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

"சாமி கும்பிடுறவ நீ. நீயே அக்காவ வெளிய தள்ளுறியா?"

மேரி வேறு மாதிரி கேட்டாள். "நாங்க சர்ச்சுல செத்தவங்க பேரச் சொல்லித்தான் பூசை வைக்கிறோம் பாக்கியம். அப்ப அவங்கள்லாம் போகாமயா நிக்கிறாங்க?" இது நாங்கள் மூவர் மட்டும் முடிவு செய்கிற காரியமில்லை, மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன் என்றேன்.

போன மாதச் சனிக்கிழமை காலையில் கோயில் பொங்கலும் விபூதியும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. வழக்கம்போல டிவி அலறிக்கொண்டிருந்தது. கூடத்தில் உன் படத்துக்கு மாலை, சின்ன விளக்கு. படத்தின் காலடியில் உன் கைப்பேசி, சார்ஜில் போட்டபடி.

அது அடித்தது.

மாமா டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்தார். எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். "யெஸ். சரஸ்வதி. நாலு பேர்." கொஞ்சம் நிறுத்தி, நீ சொல்கிற அதே வரிசையில், நீ மூச்சு வாங்குகிற அதே இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னார். "ஒருத்தர் சைவம். பெலாச்சான் கூடாது. வேற சட்டி."

இத்தனை வருடமும் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு அந்த மனிதர் கேட்டது உன்னைத்தானா அக்கா?

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். ஒளிக்கவில்லை, வெட்கப்படவுமில்லை. "எடுக்கலன்னா மேசைய வேற ஆளுக்குக் குடுத்துடுறானுங்க லா" என்றார். பிறகு, படத்தைத் துடைக்கிற சாக்கில் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். "அன்னிக்குப் பொடவைக்குள்ள அது அடிச்சுது பாக்கியம். ரெண்டு தடவ. பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

பொங்கலை அவர் கையில் கொடுத்தேன். நீங்களும் எங்களோடு வாருங்கள் மாமா, நாலாவது நாற்காலி இருக்கிறதே என்றேன். அவர் சிரித்தார். தான் வந்துவிட்டால் போனை யார் எடுப்பது என்று கேட்டார்.

பிறகுதான் ஐயர் சொன்னதை மெதுவாக எடுத்துச் சொன்னேன். பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் நீ வாசலிலேயே நிற்பாயாம் என்றேன். பயந்துவிடுவார், சரி மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் முகம் பளிச்சென்று ஆனது. கையிலிருந்த பொங்கலை மறந்துவிட்டார்.

"நிக்கிறாளாமா?"

ஐயர் அப்படித்தான் சொன்னார் என்றேன்.

"அப்ப வாசல்ல ஏன் நிக்கணும்? உள்ள வந்து உக்காரச் சொல்லு. கால் வலிக்கும் அவளுக்கு."

அன்று கோலாலம்பூருக்குப் போகும் வழியில் நடந்ததை இருவரிடமும் சொன்னேன். மேரி செம்பனைத் தோப்போரமாகக் காடியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தேவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெயரை மாற்றும் பேச்சை அதோடு யாரும் எடுக்கவில்லை. உணவகத்தில் வாசல் பெண் உன்னைக் கூப்பிட்டாள். தேவி கையைத் தூக்கினாள். நான் குனிந்த தலையோடு பின்னால் போனேன்.

யார் எடுக்கிறார் என்று தெரிந்துவிட்டதே, பயம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. மாமா பேசுவது மாமாவின் குரல்தான். ஆனால் அந்த நாற்காலியைப் பார்க்கும்போது அது காலி என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. உன் கிளாசில் தேவி ஊற்றச் சொல்லி வைத்த அசாம் பூய் ஜூஸில் ஐஸ் கரைந்து சரிந்தால் மூன்று பேரும் திரும்பிப் பார்க்கிறோம். இது பயமா, ஆசையா? படித்துப் படித்து நானாகத் தேடிக்கொண்ட பதிகங்களில் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. நீ எங்களால் அங்கே நிற்கிறாயா, உனக்காக நாங்கள் இங்கே நிற்கிறோமா?

திதி குறையில்லாமல் நடக்கும். உன் மகன் சிங்கப்பூரிலிருந்து வருகிறான். எள்ளும் தண்ணீரும் விட்டு உன்னை உன் வழிக்கு அனுப்பி வைப்பான். நானும் நின்று கும்பிடுவேன், முழு மனதோடு. போக வேண்டும் என்று இருந்தால் போ அக்கா, எங்களைத் திரும்பிப் பார்க்காதே.

போக மனமில்லை என்றால் இதைக் கேட்டுக்கொள். வருகிற சனிக்கிழமை அந்தப் பெண் உன் பெயரைக் கூப்பிடும்போது தேவியை முந்திக்கொண்டு நான் முன்னால் நிற்பேன். உடனே பதில் சொல்ல மாட்டேன். முழுப் பெயரையும், மிஸ்ஸோடு, அவள் இன்னொரு தடவை சொல்லட்டும். அதன் பிறகு, "வந்துட்டோம்" என்று சத்தமாகச் சொல்லுவேன். மேசைக்குப் போனதும் நாலாவது நாற்காலியை என் கையால் பின்னுக்கு இழுத்து வைப்பேன். வாசலில் நிற்காதே. உனக்குக் கால் வலிக்கும் என்று மாமா சொல்லியனுப்பியிருக்கிறார்.

லயத்தில் உன் பக்கத்து வீட்டுத் தங்கச்சி,
இன்னும் வேறு சட்டியில் சாப்பிடுகிறவள்,
பாக்கியம்