ரத்தம் வந்தால் பிரஷைத் தொடாதே

அன்புள்ள பெரியவன் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? ஈறு நீங்கலாக நானும் சுகம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: கிடங்கு கேன்டீனில் நாலு பேர் பார்க்க ஆப்பிளைக் கடித்தேன், பழத்தில் ரத்தம்.

என் அறையில் ஒரு கிரேன்காரன் இருக்கிறான். இரும்பைத் தூக்கத் தெரிந்ததால் எல்லாம் தெரியும் என்று நினைப்பு. "ரத்தம் வந்தா பிரஷைத் தொடாதீங்கண்ணே, ஈறு தானா ஆறிடும். நானும் அப்படித்தான்" என்றான். இரண்டு முட்டாள்களும் ஒரு மாதம் பல்லே தேய்க்கவில்லை. அறையில் கொசுகூடத் தங்கவில்லை.

வீக்கம் கண்டபிறகுதான் பல் டாக்டரம்மாவிடம் ஓடினோம். "தேய்க்காம விட்டதாலதான் அழுக்கு கல்லா இறுகி ஈறு வீங்கியிருக்கு. ரத்தம் வந்தாலும் ரெண்டு வேளை மெதுவா தேய்க்கணும். இப்படியே விட்டா பல்லு ஆடி விழுந்திடும், அறிவில்லையா?" என்று திட்டிக்கொண்டே கல்லைச் சுரண்டி எடுத்தார்.

மெத்தென்ற பிரஷ் இரண்டு அனுப்பு. எனக்கு ஒன்றே போதும். ஆனால் டம்ளரில் பக்கத்தில் உன் பிரஷ் இல்லாமல் அது தனியாக நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: டாக்டரம்மா சுரண்டியது கிரேன்காரன் பல்லை. அந்தக் கருவியைப் பார்த்ததும், நான் துணைக்கு வந்தவன் என்று சொல்லிவிட்டேன்.