மொட்டை யாருக்கு

யாழினி அப்பாவுக்கு,

ஹாட்பாக்சில் இட்லி இருக்கிறது. நான் ஏழு பத்து வண்டிக்குப் போகிறேன். இன்று அவளுக்கு நீங்கள்தான் தலை பின்ன வேண்டும்.

முடியை ஈரமாக்கி, பல் அகன்ற சீப்பால் முதலில் நுனியில் சிக்கெடுங்கள், பிறகு மேலே. காய்ந்த முடியில் உங்கள் பாக்கெட் சீப்பை இழுத்தால் அலைமுடி அறுந்துவிடும். இடுப்புவரை இருக்கிற முடிக்கு அரை மணி நேரம் ஆகும். "முடிதானே, தானா வளந்துடும்" என்று நேற்று சொன்னீர்களே, அந்த அரை மணி நேரமும் அதையே சொல்லிக்கொண்டிருங்கள்.

உங்களுக்கு மாற்றல் கிடைக்க, பதினொரு வயதுப் பெண்ணின் முடியைத் திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டீர்கள். அவளைக் கேட்கவில்லை. நான் புத்தகத்திலிருந்து நிமிராததைச் சம்மதம் என்று உங்கள் அம்மாவுக்குப் போனில் சொல்லியும்விட்டீர்கள். பதினான்கு வருடமாக என் மௌனத்தை உங்கள் வசதிக்கே படித்துவருகிறீர்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நானும் வருகிறேன். வேண்டியவர் நீங்கள், மாற்றலும் உங்களுக்கு, மொட்டையும் உங்களுக்கே. முன்நெற்றியில் முருகன் ஏற்கெனவே பாதி எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஜெயப்பிரியா

பி.கு.: சிக்கெடுக்கும்போது வேர்ப்பக்கம் ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், அவளுக்கு வலிக்காது. எனக்கு வாரிவிட்ட காலத்தில் அப்படித்தான் பிடித்தீர்கள்.